யார் வீட்டு மொட்டை மாடி? கம்பியில்லா இணையமும் சாதியின் நிலவரைபடமும்

கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நின்றால் கைப்பேசி கொஞ்ச நேரம் தமிழ்நாட்டில் இருக்கும், கொஞ்ச நேரம் கர்நாடகத்துக்குப் போய்விடும். ரோமிங்குக்குத் தனிக் காசு பிடித்த காலத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் பலர், எந்த டவரைப் பிடிக்க வேண்டும் என்பதைக் கையாலேயே தேர்ந்து பூட்டி வைத்திருப்பார்கள். எல்லைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும். அலை யாரிடமும் சீட்டு காட்டாமல் தாண்டிப் போகும். பெங்களூருவின் கழிவைச் சுமந்துகொண்டு நுரை நுரையாக அணைக்குள் வந்து விழும் தென்பெண்ணையும் அப்படித்தான். எல்லை என்பது இங்கே மனிதர்களுக்கு மட்டும்தான்.

போன மாதம் எங்கள் இரவுப் பாடசாலைக்குப் பாலிடெக்னிக் படிக்கும் தம்பிகள் நான்கு பேர் ஒரு நோட்டோடு வந்தார்கள். தேன்கனிக்கோட்டை தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு காலனி. அங்கே சிக்னல் கிடையாது. பிள்ளைகள் பாடம் இறக்க வேண்டுமென்றால் ஒன்றரைக் கிலோமீட்டர் மேடேறி, ஒரு புளியமரத்தடியில் போய் நிற்கிறார்கள். தம்பிகள் திட்டம் போட்டிருந்தார்கள்: பிராட்பேண்ட் இருக்கும் இடத்திலிருந்து ஐந்து ரவுட்டர் பெட்டிகளை ஒன்றுக்கொன்று தெரிகிற மாதிரி உயரத்தில் வைத்து, மெஷ் போட்டு, காலனிக்கு இணையத்தைக் கொண்டுபோய்விடலாம். படமும் அழகாக வரைந்திருந்தார்கள். ஐந்து புள்ளிகளில் மூன்றாவது புள்ளி, ஊர்த்தெருவில் இருக்கும் ஒரு இரண்டு மாடி வீடு.

"அந்த மாடி கிடைச்சா போதும் அண்ணா, மத்ததெல்லாம் ஈஸி" என்றான் ஒருவன்.

"அந்த மாடிக்கு நம்ம ஆளுங்க யாராவது இதுவரைக்கும் ஏறியிருக்காங்களா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு இன்னொருவன் சொன்னான்: "பெயின்ட் அடிக்கப் போயிருக்காங்க."

அந்த நான்கு பேருக்காகவும், அவர்களைப் போல ஊர் ஊராகத் திட்டம் வைத்திருக்கும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கரடுமுரடான நிலத்தில் கம்பியில்லாமல் இணையம் கொண்டுபோகும் முயற்சி நம் நாட்டில் புதிதில்லை. கால் நூற்றாண்டு வரலாறு அதற்கு உண்டு. அதில் ஒரு பெரிய பகுதி தமிழ்நாட்டிலும் பக்கத்துப் புதுச்சேரியிலும் நடந்தது. பொறியியல் கல்லூரிகளில் அந்த வரலாற்றின் ஒரு பாதியைச் சொல்லித் தருகிறார்கள்: அதிர்வெண், ஆன்டெனா, வேகம். மறுபாதி நம்முடையது.

முதலில் மெஷ் என்றால் என்ன என்று, தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. வழக்கமான டவர் முறையில் எல்லாக் கைப்பேசியும் ஒரு டவரைப் பார்த்து நிற்கும். டவர் செத்தால் எல்லாம் செத்தது. மெஷ்ஷில் ஒவ்வொரு பெட்டியும் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளும், பக்கத்துப் பெட்டிக்கு உரியதை வாங்கிக் கைமாற்றியும் விடும். ஒரு பெட்டி அணைந்தால் தரவு வேறு பெட்டி வழியாகச் சுற்றிப் போகும். குறை உண்டு. ஒரே ரேடியோ உள்ள மலிவான பெட்டியாக இருந்தால், ஒவ்வொரு கைமாற்றலிலும் வேகம் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வரும். நடுவில் மரம் வந்தால், அதுவும் மழையில் நனைந்த இலை வந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது குடித்துவிடும். மின்சாரம் போனால் பெட்டியும் போகும். இவை எல்லாவற்றுக்கும் தீர்வு உண்டு, தம்பிகள் நோட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் உன்னுடையதை வாங்கிக் கைமாற்றிவிட வேண்டும் என்பதுதான் மெஷ்ஷின் உயிர். நம் கை பட்ட தண்ணீரை வாங்க மறுத்த ஒரு சமூகத்தில் இது எவ்வளவு பெரிய கோரிக்கை என்று யோசித்துப் பாருங்கள். அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தபோது, அந்தக் குளத்தைத் திறந்துவிடும் நகராட்சித் தீர்மானம் ஏற்கெனவே இருந்தது. தீர்மானத்துக்கும் கைக்கும் நடுவில்தான் சாதி நின்றது.

அலைக்கும் அப்படி ஒரு காவல் இருந்தது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் செய்தி அனுப்பும் உரிமையை அரசின் தனியுரிமை ஆக்கியது. 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. ரேடியோ பெட்டிக்குத் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டிய கதையை உங்கள் தாத்தாக்கள் சொல்லியிருப்பார்கள். பெட்டி வாங்க முடியாதவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. அது பெரும்பாலும் பஞ்சாயத்து அலுவலகத்திலோ அதையொட்டிய பூங்காவிலோ பாடும். அந்த அலுவலகம் எந்தத் தெருவில் இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. காற்றில் வந்த பாட்டு எல்லோர் காதிலும் விழுந்தது. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டவர்கள் யார் என்பதுதான் வேறு விஷயம்.

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் மையப்புள்ளி. அங்கிருந்து கம்பியும் ரேடியோவும் கலந்த இணைப்பில் சுற்றுக் கிராமங்களுக்குச் செய்தி போகும். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு, அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இந்தத் திட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. இடத்தைக் கிராமமே இலவசமாகத் தர வேண்டும். தலித் மக்கள் உட்பட எல்லோரும் அந்த இடத்துக்குள் வந்துபோக வழி இருக்க வேண்டும். இது நிபந்தனையாகவே இருந்தது. கணினித் திட்டம் ஒன்றில் இப்படி ஒரு வரியை எழுத வேண்டியிருந்தது என்பதே ஒரு வரலாற்று ஆவணம். எம்பலத்தில் மையம் அமைந்தது கோயில் கட்டடத்தில். இணையத்துக்குள் நுழைவதற்கு முன்னால் கோயிலுக்குள் நுழைய வேண்டும். ஆலய நுழைவுச் சட்டங்கள் வந்து அரை நூற்றாண்டு கழித்தும் அந்தக் கேள்வி புது உருவத்தில் திரும்பி வந்தது. நிபந்தனை எழுதியவர்களைப் பாராட்டுகிறேன். எழுதாமல் போன திட்டங்கள்தான் நாட்டில் அதிகம்.

அடுத்தது மேலூர். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய டெநெட் குழுவினரும் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை உருவாக்கினார்கள். தெருத் தெருவாகச் செம்புக் கம்பி இழுக்கும் செலவுதான் கிராமத் தொலைபேசியின் பெரிய தடை என்பது அவர்கள் கணக்கு. ஒரு டவர் வைத்தால் சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குத் தொலைபேசியும் இணையமும் தரலாம். நடுவில் ரிலே நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர் வரை போகும். வேகம் 35 அல்லது 70 கிலோபிட். இன்றைக்குச் சிரிப்பு வரும், அன்றைக்கு அது பெரிது. இதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோக என்-லாக் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. 2001 கடைசியில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 'சாரி' என்ற திட்டம் வந்தது. ஐஐடியோடு ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்திருந்தன. கிராமத்து இளைஞர் ஒருவர் கடன் வாங்கிக் கணினி, ஆன்டெனா எல்லாம் வைத்து மையம் நடத்துவார். கண் நோயாளியின் கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பிறப்பு, இறப்புச் சான்றிதழுக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் தாலுகா ஆபீசுக்கு இணையத்திலேயே விண்ணப்பம் போட்டார்கள்.

இப்போது நான்கு ஆண்டுகள் பின்னால் போங்கள். அதே மேலூர் வட்டாரத்தில் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997 ஜூன் 30 அன்று, மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்த் திரும்பும் வழியில், பேருந்தை மறித்து அவரையும் தோழர்களையும் வெட்டிக் கொன்றார்கள். மனுவோடு அரசு அலுவலகத்துக்குப் போய்வருவது அந்த மண்ணில் எவ்வளவு விலை கேட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அந்த வட்டாரத்துக்குத்தான், வீட்டுப் பக்கத்திலிருந்தே தாலுகா ஆபீசுக்கு மனு அனுப்பும் வசதி வந்தது. இதை யாராவது அந்தக் கண்ணில் பார்த்தார்களா என்றால், திட்டத்தைப் பற்றி வந்த புகழ்ச்சிக் கட்டுரைகளில் மேலவளவு என்ற பெயரை நான் பார்த்ததில்லை. 'டிஜிட்டல் இடைவெளி' என்று எழுதினார்கள். இடைவெளிக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது.

ஆனால் திட்டத்தை ஆய்வு செய்த ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் இருவரும் 2006-இல் வெளியிட்ட கட்டுரையை நம் இளைஞர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். மையங்களுக்கு வந்தவர்கள் யார் என்று அவர்கள் கணக்கெடுத்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், ஆண்கள், படித்தவர்கள், ஊரில் ஓரளவு வசதியானவர்கள், சமூகத்தில் மேலே இருந்தவர்கள். எதிர்பார்த்ததுதான். முக்கியமானது அடுத்த செய்தி. மையம் ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்த இடங்களிலும், அந்த மக்களிலிருந்தே ஒருவர் முன்னின்று அழைத்த இடங்களிலும், அந்த மக்கள் கூடுதலாக வந்தார்கள். அதாவது ஆன்டெனா 10 கிலோமீட்டர் தாண்டும். மக்களுக்கோ கடைசி இருநூறு மீட்டர்தான் மலை. கட்டணத்தைக் குறைப்பது, பயிற்சி தருவது என்று எத்தனையோ பேசினார்கள். பெட்டியைத் தெரு மாற்றி வைப்பது அதில் எதற்கும் குறைந்ததில்லை.

சாரி நிலைக்கவில்லை. தாலுகா ஆபீசில் பயிற்சி பெற்ற அலுவலர்கள் மாற்றலாகிப் போனதும் சான்றிதழ் சேவை படுத்தது. 2005 வாக்கில் மையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. கடன் வாங்கி நடத்திய பிள்ளைகள்தான் நட்டத்தைச் சுமந்தார்கள். இதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: தொழில்நுட்பம் தோற்றதாக அங்கே யாரும் சொல்லவில்லை.

நமக்குப் பக்கத்தில், பெங்களூருவுக்கு வடக்கே தொட்டபள்ளாபுராவில், ஏறக்குறைய அதே காலத்தில் வேறொரு கூத்து நடந்தது. கூத்து என்பதை நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன். டாக்நெட் என்று பெயர். அரசுப் பேருந்தில் ஒரு வைஃபை பெட்டியை வைத்துவிட்டார்கள். பேருந்து கிராமத்தைக் கடக்கும்போது அங்குள்ள மையத்தின் கணினியோடு தானாகப் பேசி, மனுக்களையும் கடிதங்களையும் அள்ளிக்கொள்ளும். டவுனுக்குப் போனதும் இறக்கிவிடும். கர்நாடகத்தின் பூமி நிலப்பதிவேட்டுத் திட்டத்தோடு இதை இணைத்துப் பார்த்தார்கள். தபால்காரர் மாதிரி ஒரு பேருந்து. மலிவான, அழகான யோசனை. நம் ஆட்களுக்கு உடனே ஒரு கேள்வி வரும்: அந்தப் பேருந்து காலனி முன்னால் நிற்குமா? பேருந்து நிற்காத ஊரின் கதையை மாரி செல்வராஜ் 2021-இல் 'கர்ணன்' என்று படமாகவே எடுத்துவிட்டார். ஓடும் பேருந்தும் கடந்து போகும்போது தரவை எடுத்துக்கொள்ளும், நிற்கத் தேவையில்லை என்று பொறியாளர்கள் பதில் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். காலனி வழியாகத் தடம் இருந்தால்.

2005 ஜனவரி ஒரு திருப்பம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கட்டடத்துக்கு வெளியிலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. 1933-இன் பூட்டில் ஒரு சின்னத் திறப்பு. அதைத் தொடர்ந்து இமாசலப் பிரதேசத்தின் தர்மசாலாவில் ஒரு மெஷ் எழுந்தது. அங்கே அகதிகளாக வாழும் திபெத்தியர்களின் பள்ளிகள், மருத்துவமனைகள், அலுவலகங்களின் கூரைகளில், கடையில் கிடைக்கும் மலிவான ரவுட்டர்களை மாற்றியமைத்து ஏற்றினார்கள். மலை மறைக்கும் இடத்துக்கு இன்னொரு மலையிலிருந்து சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஏர்ஜால்தி என்று பின்னர் பெயர்பெற்ற முயற்சி அது. அவர்களுக்குப் பெரிய தொல்லை குரங்குகள். ஆன்டெனாவைப் பிடித்து ஊஞ்சலாடும். குரங்கு ஆடினாலும் அசையாத ஆன்டெனா செய்வதே ஒரு தனிப் பாடமாகிவிட்டது. இந்த மெஷ் சீக்கிரம் பரவியதற்கு ஒரு காரணம், கூரைகள் ஒரே மக்களுடையவை. நாடிழந்த மக்கள், ஒருவர் கூரையை இன்னொருவர் கேட்கும்போது அங்கே தீட்டு என்ற சொல் குறுக்கே வரவில்லை.

அதே ஆண்டுகளில் தேனிப் பக்கம் அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் சேர்ந்து நீளமான வைஃபை இணைப்புகளைப் போட்டார்கள். வீட்டுக்குள் சில பத்து மீட்டர் போகும் வைஃபையை, திசைகாட்டும் ஆன்டெனா வைத்து, மென்பொருளைத் திருத்தி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளினார்கள். கிராமத்துப் பார்வை மையத்தில் உட்கார்ந்தபடியே தேனி மருத்துவரோடு முகம் பார்த்துப் பேசலாம். அது நிலைத்தது. அதைத் தினமும் நம்பியிருந்த ஒரு வேலை இருந்தது, பழுதானால் பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் இருந்தார்கள். மேலூருக்கும் தேனிக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

பிறகு அரசு பெரிய அளவில் இறங்கியது. 2011 அக்டோபரில் நாட்டின் சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பின்னால் பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டில் 12,500-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு டான்ஃபிநெட் நிறுவனத்துக்கு. கணக்கின் அலகைப் பாருங்கள்: ஊராட்சி. கேபிள் ஊராட்சி அலுவலகத்தைத் தொட்டால் அந்த ஊராட்சி இணைக்கப்பட்டதாகப் பட்டியலில் ஏறும். எங்கள் மாவட்டத்தில் பெட்டமுகிலாளம் மாதிரி ஒரே ஊராட்சிக்குள் காட்டிலும் மலையிலும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களை நினைத்துப் பாருங்கள். அலுவலகத்திலிருந்து காலனிக்கும், காலனியிலிருந்து இருளர் குடியிருப்புக்கும் உள்ள தூரம் எந்தப் பட்டியலிலும் வராது. அந்தத் தூரத்துக்குத்தான் மெஷ் பொருத்தமான கருவி. பெருந்தொற்றுக் காலத்தில் அந்தத் தூரம் என்னவாக இருந்தது என்று பார்த்தோம். 2020 ஜூன் 1, கேரளத்தில் இணைய வகுப்பு தொடங்கிய முதல் நாள். மலப்புறம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்புத் தலித் மாணவி ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். வீட்டில் டிவி பழுது, ஸ்மார்ட்போன் இல்லை. நம் ஓசூரைச் சுற்றி உலகத்துக்கே ஐபோன் உறை செய்து அனுப்புகிறார்கள். அந்தத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுகிற அக்காவின் தம்பி புளியமரத்தடியில் நிற்கிறான்.

கடைசியாக, தம்பிகள் நேரில் போய்ப் பார்க்க வேண்டிய ஒரு இடம். கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தில் தேவராயனதுர்கா மலைப்பகுதியில் ஜனாஸ்து என்ற அமைப்பு கிராமத்தாரோடு சேர்ந்து ஒரு சமூக மெஷ் நடத்திவருகிறது. இங்கிருந்து ஒரே நாளில் போய்வந்துவிடலாம். எனக்கு அதில் பிடித்தது, வெளி இணையத்தை மட்டுமே அவர்கள் நம்பியிருக்கவில்லை என்பது. சின்னக் கணினி ஒன்றை உள்ளூர் சர்வராக வைத்து, ஊர் மக்கள் தங்கள் குரலில் பதிவு செய்தவற்றை ஊருக்குள்ளேயே கேட்கும்படி செய்திருக்கிறார்கள். வெளி இணைப்பு அறுந்தாலும் உள்ளே பேச்சு நிற்காது. நம் இரவுப் பாடசாலைப் பாடங்களையும், பெரியவர்கள் சொல்லும் நிலப் போராட்டக் கதைகளையும் இப்படிப் போட்டு வைத்தால் ஒன்றரைக் கிலோமீட்டர் மேடேற வேண்டியதில்லை.

இதையெல்லாம் பேசி முடித்து அன்றிரவு நோட்டை மறுபடி விரித்தோம். சட்டம் பற்றிக் கேட்டார்கள். அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம், ஆனால் பிறருக்கு இணையத்தைக் காசுக்கு விற்பது வேறு, அதற்கு அனுமதி வேண்டும் என்று சொன்னேன். இதை ஒரு வழக்கறிஞர் தோழரிடம் உறுதி செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது புள்ளி பற்றி நீண்ட நேரம் வாக்குவாதம். அந்த இரண்டு மாடி வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டே பார்ப்போம் என்றான் ஒருவன். கேட்பதில் தவறில்லை, கேட்க வேண்டும்தான். அவர் சரி என்றால் அவர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே பெட்டியிலிருந்து இணைப்பு போகட்டும். ஆனால் தேர் நோன்புக்கோ தேர்தலுக்கோ ஒரு தகராறு வந்தால், முதலில் பிடுங்கப்படுவது அந்தப் பிளக்தான். அந்த ஒரு பிளக்கில் காலனியின் மொத்தப் படிப்பையும் தொங்கவிடக் கூடாது என்பது என் கட்சி. மெஷ் என்றால் மாற்று வழி இருக்க வேண்டும். ஐந்து பெட்டியை ஒரே கோட்டில் வைத்தால் அது மெஷ் இல்லை, சங்கிலி. நடுக்கண்ணி அடுத்தவன் கையில்.

காலனிக்கென்று தனியாகக் கட்டிய மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. வேங்கைவயலுக்குப் பிறகு அதன் ஏணிக்குப் பூட்டு போட்டு, சாவியைக் காலனிப் பெண்கள் குழுவே வைத்திருக்கிறது. தொட்டி தனியாக இருப்பதன் காரணம் நமக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பக்கத்தில் அதுதான் உயரம். அங்கிருந்து நான்காவது புள்ளி தெரிகிறதா, இரண்டாவது புள்ளி தெரிகிறதா, குறுக்கே நிற்கும் யூக்கலிப்டஸ் தோப்பு மறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவி வாங்கி ஏறுகிறார்கள். ஒரு பைனாகுலர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.